அளவுத் தலை

அந்த ஜன்னலுக்குத் திரை இருந்ததா இல்லையா என்பது எனக்கு இப்போது நிச்சயமாக நினைவில்லை. சில நாட்களில் யோசித்தால் நீலத் திரை ஒன்று தெரிகிறது. சில நாட்களில் வெறும் கண்ணாடிதான். திரை இருந்திருந்தால் பஸ் டிரைவர் அவளைப் பார்த்திருக்க முடியாது. அவர் பார்த்திருக்காவிட்டால் எனக்குச் சொல்வதற்கும் ஒன்றுமில்லை. ஆகவே திரை இல்லை என்றே வைத்துக்கொள்கிறேன். மற்றவற்றையும் இப்படித்தான், ஒன்றைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றை ஊகித்துச் சொல்லவேண்டியிருக்கிறது. பேச்சு மட்டும் காதில் அப்படியே இருக்கிறது. நான் வாடகைக்கு இருந்த மாடி அறைக்குப் போகவேண்டுமானால் வீட்டுக்காரர்கள் வேலை செய்யும் அறைக்குள் புகுந்து, மேஜையைச் சுற்றிக்கொண்டு, அந்தக் கோடியில் இருக்கும் படியில் ஏறவேண்டும். அதனால் அந்த வீட்டில் நான் கேட்காத பேச்சு குறைவு.

அவர்கள் கல்யாணப் பெண்களுக்குத் துணிப்பூ செய்தார்கள். தலையில் வைக்கும் பூவளையம்தான் முக்கியமான வேலை. கூடவே கையில் பிடிக்க ஒரு கொத்து, கொண்டையில் குத்திக்கொள்ள இரண்டு மூன்று கிளைகள். வீட்டில் மூன்று பேர். அண்ணன் கம்பி வளைப்பார். அவர் மனைவி இதழ் செய்வாள். அவளை நானும் அண்ணி என்றே கூப்பிட்டேன். அண்ணனின் தங்கை பூக்களைக் கோத்துக் கட்டுவாள். முப்பதைத் தாண்டிய பிறகும் வீட்டில் அவளுக்குப் பெயர் சின்னவள்தான்.

வெள்ளைத் துணியை மாவுக் கஞ்சியில் முக்கி, கொடியில் போட்டு, பாதி ஈரத்தில் எடுத்து இஸ்திரி போட்டால் அட்டைபோல விறைத்துக்கொள்ளும். அதிலிருந்து இதழ்களை வெட்ட வேண்டும். வெட்டிய இதழ் தட்டையாகக் கிடக்கும். அதை மணல் பையின்மேல் வைத்து, அடுப்பில் காய்ந்த இரும்புக் குண்டால் நடுவில் ஓர் அழுத்து. இதழ் குழிந்து, ஓரம் மேலே எழும். சூடு கூடினால் பழுப்பு விழும். குறைந்தால் மறுநாள் காலைக்குள் படுத்துவிடும். அண்ணி குண்டைக் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பாள். அவளுடைய வலது கன்னம் இடது கன்னத்தைவிடக் கொஞ்சம் கறுத்திருந்தது. கஞ்சி காய்ந்து தீயும் வாசனை மாடிவரைக்கும் வரும். என் தலையணையிலும் அந்த வாசனைதான்.

வரும் பெண்கள் கைபேசியில் படம் கொண்டுவருவார்கள். இதே மாதிரி வேண்டும் என்பார்கள். படத்தில் இருப்பவள் எந்தத் தேசத்துப் பெண்ணோ, கடற்கரையில் காற்றுக்கு எதிராக நின்றுகொண்டிருப்பாள். அண்ணி படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்ப்பாள்.

"செய்யலாம். இந்தப் பூ செய்யலாம். காத்து மட்டும் நீங்க ஏற்பாடு பண்ணிக்கணும்."

அவர்கள் போன பிறகு சின்னவள் சொல்வாள்: "பூவை மட்டுமா கேக்குறாங்க அண்ணி? அந்தப் பொண்ணோட கழுத்தையும் சேர்த்துல்ல கேக்குறாங்க."

"கழுத்து நம்ம டிபார்ட்மெண்ட் இல்ல. கடவுளோடது. அங்க போய் வரிசையில நிக்கச் சொல்லு."

ஒவ்வொரு பெண்ணின் தலையையும் நூல் சுற்றி அளப்பார்கள். அந்த நூலைச் சின்னவளின் தலையில் சுற்றிப் பார்த்து, "அளவுத் தலையைவிட ஒரு விரல் பெருசு" என்றோ "அரை விரல் சின்னது" என்றோ அண்ணன் குறித்துக்கொள்வார். அளவுத் தலை என்றால் சின்னவளின் தலை. மற்ற தலைகளுக்கெல்லாம் நூல் இருந்தது. அவள் தலைக்கு நூல் இல்லை. அது கூடவே இருந்தது, எதற்கு நூல்?

அண்ணன் செய்யும் வளையம் முழு வட்டம். பின்னால் பிளந்துவிட்டு ரிப்பனால் முடிச்சுப் போடுவதைச் சோம்பேறி வேலை என்பார். முழு வட்டம் என்றால் அளவு தப்பக்கூடாது. உள்பக்கத்தில் துணி சுற்றித் தடிமனைக் கூட்டிக் குறைத்தால், எந்தத் தலைக்கானதையும் அளவுத் தலையில் வைத்துப் பார்க்கலாம். இதைவிட முக்கியமான விதி ஒன்று அங்கே இருந்தது. ஒரு நாள் முழுக்க வீட்டு வேலை பார்க்காத வளையம் வெளியே போகாது. முடிந்ததைச் சின்னவள் தலையில் வைத்துக்கொண்டு கூட்டுவாள், துணி துவைப்பாள், மொட்டைமாடிக்குப் போய்க் காயப்போடுவாள், குனிந்து அடுப்படியைத் துடைப்பாள். சாயங்காலம் ஓர் இதழ் தொங்காமல், ஒரு கம்பி முடியில் சிக்காமல் இருந்தால் பெட்டியில் வைப்பார்கள்.

அதனால் எங்கள் தெருவில் கல்யாணக் கோலத்தில் ஒரு பெண் ரொட்டி வாங்கப் போவது சாதாரணக் காட்சி. தெரு அவளுக்கு நித்தியகல்யாணி என்று பெயர் வைத்திருந்தது. ரொட்டிக் கடைக்காரர், "என்னம்மா, இன்னைக்கு மாப்பிள்ளை யாரு?" என்பார். "நேத்து வந்தவர்தான். இன்னும் ரொட்டி பிடிக்கலங்கறார்" என்று அவள் சொல்லிவிட்டு வருவாள். சிரிக்காமல் சொல்வாள். படியில் எனக்கு வழிவிட ஒதுங்கும்போதும் தலை நிமிர்ந்தபடியேதான் ஒதுங்குவாள், தண்ணீர்க் குடம் எடுப்பவளைப்போல.

வீட்டுக்கு எதிரே பஸ் நிறுத்தம். பதினாலாம் நம்பர் அங்கே, வேலை அறை ஜன்னலுக்கு நேராக நிற்கும். ஒருநாள் கம்பிச் சுருளோடு அந்த பஸ்ஸில் வந்த அண்ணனிடம் அதன் டிரைவர் கேட்டிருக்கிறார். அண்ணன் அதைத் தேநீர் குடிக்கும்போது சொன்னார்.

"உங்க வீட்டுல ஒரு பொண்ணுக்கு இத்தனை தடவை கல்யாணம் ஆகுதே, ஒண்ணுகூட நிலைக்கலையான்னு கேக்குறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள் அண்ணி.

"தொழில்னு சொன்னேன்."

"தொழில்னா? என்ன நினைச்சிருப்பாரு அந்த மனுஷன்?"

அண்ணன் யோசித்துப் பார்த்தார். தாம் சொன்னது எப்படிப் பட்டிருக்கும் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கே போய்ப் பூ விஷயத்தை விளக்கிவிட்டு வந்தார். விளக்கியதன் பலனாக அடுத்த விடுமுறை நாளில் டிரைவர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

அன்று மழை. அவர் குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். முழங்கால் நனைந்தது. நாற்பது வயதுக்காரர், அம்மா போன பிறகு தனியாக இருக்கிறார் என்பதையெல்லாம் அவராகவே, பஸ்ஸில் நிறுத்தங்களைச் சொல்வதுபோல ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். அடுத்ததாகச் சின்னவளைக் கட்டிக்கொள்ள விருப்பம் என்றார். நான் படியில் ஏறப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். என்னைப் போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

சின்னவள் தலையில் அன்றைக்கும் ஒரு வளையம் இருந்தது. யாருக்கோ மறுநாள் போகவேண்டியது. அவள் கையிலிருந்த இலையைக் கட்டி முடித்துவிட்டுக் கேட்டாள்:

"நீங்க என்னைப் பார்த்தீங்களா, பூவைப் பார்த்தீங்களா?"

டிரைவர் குடையைத் திருப்பி வைத்துக்கொண்டார். "ஓட்டுறவன் ரோட்டைத்தான் பார்க்கணும். நிறுத்தத்துல மட்டும் இந்தப் பக்கம் திரும்புவேன். முதல்ல பூதான் தெரிஞ்சுது. பொய் சொல்ல மாட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் பூ மாறிக்கிட்டே இருந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னார். அவள் கொஞ்சநேரம் அவரையே பார்த்தாள். தலையிலிருந்த வளையத்தை இரண்டு கையாலும் தூக்கி, பெட்டியில் வைத்து, மூடினாள். வளையம் பதிந்த இடத்தில் முடி அழுந்தி, ஒரு கோடு விழுந்திருந்தது. அப்படியே அவர் எதிரே உட்கார்ந்தாள். டிரைவர் பார்வையைத் திருப்பவில்லை. மழை விட்டபின்தான் எழுந்தார்.

கல்யாணம் அறுவடைக்காலம் முடிந்து வைத்துக்கொள்வதாக முடிவாயிற்று. பதிவாளர் முன்னால் கையெழுத்து, பிறகு ஒரு சின்னக் கூடத்தில் சாப்பாடு. தகராறு அடுத்த நாளே ஆரம்பித்தது.

அண்ணி அன்று காலையிலேயே புதுத் துணியைக் கஞ்சியில் முக்கிவிட்டாள். எங்கோ தேடிப் பிடித்து வாங்கியது, அவ்வளவு மெல்லிய துணி. "உனக்கு என்ன பூ? ரோஜா எல்லாரும் கேக்குறது. நான் மல்லிகை மொட்டும் சின்ன இலையுமா நினைச்சு வச்சிருக்கேன்" என்றாள்.

"எனக்கு ஒண்ணும் வேணாம் அண்ணி."

"ரோஜாவே வேணுமா?"

"ஒண்ணும் வேணாம்னா ஒண்ணும் வேணாம். தலையில எதுவும் வேணாம். வாரிப் பின்னிக்கிட்டுப் போறேன்."

அண்ணி துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். பிழிந்த தண்ணீர் நின்ற பிறகும் கை முறுக்கிக்கொண்டே இருந்தது.

"விளையாடாதே. துணிக்கடை அம்மா வர்றாங்க."

துணிக்கடை அம்மா என்பவர் பெரிய தெருவில் கல்யாண உடைக் கடை வைத்திருந்தவர். இவர்களுடைய பூவை ஒரு கல்யாணத்தில் பெண்ணின் தலையில் நேரில் பார்த்துவிட்டு, பிடித்தால் தம் கடைக் கண்ணாடிக்குள் வைப்பதாகச் சொல்லியிருந்தார். வாய்ச்சொல்லில் வரும் பெண்களை நம்பியே பிழைத்த வீட்டுக்கு அது பெரிய விஷயம். அண்ணி பல நாளாக அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். சின்னவளுக்கும் அது தெரியும்.

"நம்ம வீட்டுப் பொண்ணு வெறுந்தலையோட போய் நின்னா அவங்க என்ன நினைப்பாங்க? ஊருக்கெல்லாம் சமைச்சுப் போடுறவன் வீட்டுல அடுப்பு எரியலங்கற மாதிரி இல்ல?"

"நினைக்கட்டும்."

"உனக்கென்ன, நீ போயிடுவே. இங்க உக்காந்து இதழ் சுடப்போறது நான்."

"அதுக்காக நான் சுமக்கணுமா? இத்தனை வருஷம் யார் யாருக்கோ சுமந்தாச்சு அண்ணி. எனக்குக் கண்ணாடியில பார்த்தா எப்பவுமே வேற யாரோ ஒரு பொண்ணுதான் தெரியுது. இந்த ஒரு நாளாவது என் தலை எனக்கு இருக்கட்டும்."

"அப்ப நான் உன்னைச் சுமைகூலியா வச்சிருந்தேன்னு சொல்றே."

"நான் அப்படிச் சொல்லல."

"வேற எப்படிச் சொல்றது? நீயே சொல்லு, கேக்குறேன்."

அண்ணன் கம்பியை வளைத்துக்கொண்டே இருந்தார். அன்று அவர் வளைத்தது வட்டமாக வரவில்லை, முட்டை மாதிரி வந்தது. நீட்டிவிட்டு மறுபடி வளைத்தார்.

அதன்பின் இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. ஒரே மேஜை, எதிரெதிர் நாற்காலி, ஒரே பசைக் கிண்ணம். ஆனால் பேச்சு அண்ணன் வழியாகச் சுற்றிக்கொண்டு போகும்.

"அண்ணே, பச்சை டேப் எங்கன்னு கேளுங்க."

"டேப் அவ முழங்கைக்குக் கீழதான் இருக்குன்னு சொல்லுங்க."

அண்ணன் யாருக்கும் ஒன்றும் சொல்லமாட்டார். அவர் அங்கே உட்கார்ந்திருந்தால் போதும். அவர் வெளியே போயிருந்தால் அந்த வேலை எனக்கு வரும். "மாடியக்கா, இதழ் ஈரமா இருக்குன்னு சொல்லுங்களேன்" என்பாள் சின்னவள், மூன்றடி தூரத்தில் இருக்கும் அண்ணியைப் பார்க்காமல். உண்மையாகவே இதழ்கள் அப்போது காயவில்லை. மழை பிடித்துக்கொண்டிருந்தது. கொடியிலிருந்து எடுத்த துணி மேஜைக்கு வருவதற்குள் தளர்ந்துவிடும். இருவரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவரையொருவர் பார்க்காமல், இதழ்களைத் திருப்பித் திருப்பிக் காயவைத்தார்கள். அந்த மௌனத்தில் கோபம் மட்டும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கோபம் மட்டும் இருந்திருந்தால் யாராவது ஒருவர் இடத்தை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

டிரைவருக்கு விடுமுறை கிடைக்கும் நாட்களில் சின்னவள் மத்தியானத்துக்கு மேல் வெளியே போனாள். பணிமனைக்குப் பக்கத்தில் ஓர் அறை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். அதற்கு இருவருமாகச் சுண்ணாம்பு அடித்தார்கள். திரும்பி வரும்போது புருவத்தில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். தலையில் ஒன்றும் இருக்காது. அந்த நாட்களில் அண்ணி வேறொரு வேலை பார்த்தாள் என்பது எனக்குத் தற்செயலாகத்தான் தெரிந்தது.

குடிக்கத் தண்ணீர் பிடிக்கக் கீழே இறங்கினேன். அண்ணி முதுகைக் காட்டிக் குனிந்து கூட்டிக்கொண்டிருந்தாள். தலையில் பூவளையம். மல்லிகை மொட்டும் சின்ன இலையுமாக, ஒன்றோடொன்று இடிக்காமல், நரை ஓடிய முடிமேல் அது சுற்றிலும் உட்கார்ந்திருந்தது. நான் அந்த வீட்டில் பார்த்த வேலைகளிலேயே அதுதான் சிறந்தது என்று நினைக்கிறேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கழற்றவில்லை.

"சொல்லிடாதீங்க. அவகிட்டயும், அவருகிட்டயும். அவரு வயித்துல ஒண்ணும் தங்காது."

"சின்னவள்தான் வேண்டாம்னு சொல்லிட்டாளே."

"அன்னைக்குக் காலையில கண்ணு முன்னால வச்சா வேணாம்னு சொல்ல மாட்டா. சொல்ல முடியாது. பாருங்களேன் இதை."

"பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"கம்பிகூட நானே வளைச்சேன். கை இன்னும் எரியுது." பெருக்குமாறைச் சுவரில் சாய்த்தாள். "அவளை வச்சுப் பார்க்க முடியாது. அதான் நானே வச்சுக்கிட்டு வேலை பார்க்கறேன். ஒரு நாள் தாங்கணும்ல."

"உங்களுக்கு நல்லா இருக்கு" என்றேன்.

"எனக்கா?" கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். சுவரில் மாட்டியிருந்த அந்தக் கண்ணாடியில் எத்தனையோ பெண்கள் தங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "நான் லாண்டிரியில வேலை பார்த்தேன். கஞ்சி போடுறதெல்லாம் அங்க கத்துக்கிட்டதுதான். ஒரு மணி நேரம் பர்மிஷன் சொல்லிட்டுப் போய்க் கையெழுத்துப் போட்டுட்டு, திரும்பி வந்து படுக்கைவிரிப்புத் தேய்ச்சேன். தலையில ஆவிக்குக் கட்டின துண்டு. அதை அவிழ்க்கக்கூட மறந்துட்டேன். அவரும் சொல்லல."

அதைச் சொல்லிவிட்டு அவள் கண்ணாடிமுன் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் குடம் நிறையும்வரை நின்றேன். குடம் வழிந்தது. அவள் எழவில்லை. நான் மேலே போன பிறகும் கீழே பெருக்கும் சத்தம் வெகுநேரம் கேட்கவில்லை.

கல்யாணத்தன்று காலை வெயில் இருந்தது. சின்னவள் குளித்து, தலைமுடியை ஒற்றைப் பின்னலாகப் பின்னி, சாம்பல் நிற உடையில் தயாராக இருந்தாள். பின்னலை நான்தான் பின்னிவிட்டேன். தடித்த முடி, என் கைக்கு அடங்கவில்லை. டிரைவரின் நண்பர்கள் ஒரு வேனை அனுப்பியிருந்தார்கள். வாசலில் அதன் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் புதுச் செருப்பு கடிக்க, அங்கும் இங்கும் நடந்தார்.

அண்ணி உள்ளேயிருந்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துத் திறந்தாள்.

சின்னவள் எட்டிப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் போய்ப் பார்த்தாள். ஒரு மொட்டின் அடிப்பகுதியை நகத்தால் தொட்டாள். தையல் எங்கே என்று தேடுகிறாள் என்று தெரிந்தது. தையல் தெரியவில்லை.

"இது எப்ப செஞ்சீங்க?"

பல வாரங்களுக்குப் பிறகு நேரே கேட்கப்பட்ட முதல் கேள்வி. அண்ணி, "நீ சுண்ணாம்பு அடிக்கப் போனப்ப" என்றாள்.

"நான்தான் வேணாம்னேனே அண்ணி."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"கூடத்துல வேணாம். கையெழுத்துப் போடுற நேரம் மட்டும் வச்சுக்கோ. அப்புறம் கழட்டிடு. துணிக்கடை அம்மா ஒரு தடவை பார்த்தா போதும்." பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினாள். "அவங்க பார்க்காட்டியும் பரவாயில்ல. நான் ஒரு தடவை பார்க்கணும்."

சின்னவள் நின்றுகொண்டே இருந்தாள். வேன்காரர் ஹாரன் அடித்தார். அண்ணன் வாசலுக்குப் போய்க் கையைக் காட்டிவிட்டு வந்தார். கடைசியில் அவள் நாற்காலியில் உட்கார்ந்து, தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்தாள். எத்தனையோ தடவை அப்படிச் சாய்த்த தலை. முகத்தில் சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை. விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று நான் நினைத்தேன்.

அண்ணி வளையத்தை இரு கையாலும் எடுத்து அவள் தலையில் வைத்தாள். அது இறங்கவில்லை. நெற்றிக்கு மேலே, பானைமேல் வைத்த மூடிபோல நின்றது. அண்ணி மெல்ல அழுத்தினாள். ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் எழும்பியது. உள்பக்கத் துணியைப் பிரிக்க விரலை விட்டாள். அங்கே பிரிக்க ஒன்றும் இல்லை. அவள் துணி சுற்றாமல், கம்பியை நேராகத் தலைக்கே வளைத்திருந்தாள்.

"பின்னல்தான் தூக்குது" என்றாள் அண்ணி. "பின்னலை அவிழ்த்தா உக்காரும்."

சின்னவள் வளையத்தைத் தானே எடுத்துப் பார்த்தாள். விரலை அகட்டி உள்வட்டத்தை அளந்தாள்.

"பின்னல் இல்ல. இது ரெண்டு விரல் சின்னது."

"இருக்காது. நான் வச்சுப் பார்த்தேனே."

"யார் தலையில?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

இப்போது யோசித்தால் அந்தத் தவறு எனக்கு விசித்திரமாக இருக்கிறது. ஊரில் உள்ள பெண்களின் தலையையெல்லாம் நூலால் அளந்தவள், நாத்தனாருடைய தலையை மட்டும் அளக்கவே இல்லை. அது தன் தலையைப்போலத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டாள். இத்தனை வருஷம் தினமும் தொட்ட தலை.

"குறடு எங்க? குறடை எடுங்க" என்றாள் அண்ணி. "வெட்டிவிட்டு ஒரு துண்டு சேர்த்தா ஆச்சு. நூல் கட்டி மறைச்சிடலாம். ரொம்ப நேரம் ஆகாது." அவள் கை மேஜையைத் துழாவியது. குறடு அண்ணன் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவர் அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"வெட்டாதே" என்றார்.

சின்னவள் எழுந்தாள். அண்ணியைத் தோளைப் பிடித்து அந்த நாற்காலியில் உட்காரவைத்தாள். வளையத்தை அவள் தலையில் வைத்தாள். கை எடுத்ததும் அது தானாக இறங்கி உட்கார்ந்துகொண்டது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஊசி குத்தினாள். குத்த வேண்டிய அவசியம்கூட இல்லை.

"இதை வச்சுக்கிட்டு வேலை பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"துவைச்சீங்களா?"

"துவைச்சேன். மொட்டைமாடிக்கும் போனேன்."

"தாங்குச்சா?"

"தாங்குச்சு."

"அப்ப சரியாத்தான் இருக்கு. கிளம்புங்க."

அண்ணி கையை மேலே கொண்டுபோனாள். சின்னவள் அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள்.

"பைத்தியமா உனக்கு? கல்யாணம் உனக்கு. நான் இதை வச்சுக்கிட்டு அங்க வந்தா ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். என்னைப் பார்த்து இத்தனை வருஷம் சிரிச்ச ஊருதானே. ரெண்டு நாளைக்குக் கஷ்டமா இருக்கும். அப்புறம் பழகிடும்."

"துணிக்கடை அம்மா..."

"அவங்க பூவைத்தானே பார்க்கணும்? பார்க்கட்டும்."

அண்ணி கணவரைப் பார்த்தாள். காப்பாற்றச் சொல்லும் பார்வை. அவர் வெகுநேரம் அவள் தலையையே பார்த்துக்கொண்டு நின்றார். கம்பி சரியாக வளைந்திருக்கிறதா என்று பார்க்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. "வேன் நிக்குது" என்றார். முன்னால் போய் அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். அப்படி அவர் செய்து நான் பார்த்ததில்லை.

நாங்கள் போனோம். பதிவாளர் முதலில் அண்ணியைப் பார்த்து, "பொண்ணு இங்க கையெழுத்துப் போடும்மா" என்றார். டிரைவர் அவசரமாகத் திருத்தினார். கூடத்தில் சிலர் சிரித்தார்கள். ஒருத்தி, இந்த வயசில் இவளுக்கு ஏன் இந்த ஆசை என்று என் காதுபடவே சொன்னாள். அண்ணி சாப்பாட்டுப் பந்தி முடியும்வரை விறைப்பாகவே உட்கார்ந்திருந்தாள். பிறகு பாத்திரம் கழுவும் இடத்தில் ஆள் போதவில்லை என்று எழுந்து போய், பூவோடேயே தட்டுகளைக் கழுவினாள். சின்னவள் பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு, வியர்த்த நெற்றியோடு, புருஷன் பக்கத்தில் நின்று வருகிறவர்களிடம் பேசிக்கொண்டிருந்தாள். அவளை அதற்குமுன் நான் சரியாகப் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. அவளுக்கு அகலமான நெற்றி.

துணிக்கடை அம்மா வந்தார். பூவைக் கிட்டே வந்து பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார். ஆனால் இளம் பெண் வைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கடைக் கண்ணாடிக்குள் இவர்களுடைய பூ போகவே இல்லை. வாய்ச்சொல்லிலேயே பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள், முன்னைவிட அதிகமாகவும் இல்லை, குறைவாகவும் இல்லை.

அந்த மல்லிகை வளையத்தை அண்ணி அடுத்த மழைக்கு முன்பே விற்றுவிட்டாள். சின்னத் தலைக்காரப் பெண் ஒருத்தி வந்தாள், அளவு சரியாக இருந்தது. எதற்கு விற்றீர்கள் என்று நான் கேட்டேன். வைத்திருந்தால் இதழ் படுத்துப்போகும் என்றாள். அண்ணன் மரத்தில் ஒரு தலை கடைந்து வாங்கினார். அதற்கு முன்பு தங்கையை வரச்சொல்லி முதன்முறையாக அவள் தலைக்கு நூல் பிடித்தார். வீட்டு வேலை பார்க்கும் சோதனையை மரத்தலையால் செய்ய முடியாது, அதனால் அந்த விதி நின்றுபோனது. எப்போதாவது ஒரு பூ கழன்றது என்று புகார் வரும்.

டிரைவரை வேறு தடத்துக்கு மாற்றினார்கள். பதினாலாம் நம்பரை இப்போது வேறு யாரோ ஓட்டுகிறார்கள். சின்னவள் பணிமனைக் கேன்டீனில் வேலைக்குச் சேர்ந்து, முடியைக் கழுத்தளவு வெட்டிக்கொண்டாள். வாரம் ஒருமுறை வந்து அண்ணியோடு மேஜையில் உட்கார்ந்துவிட்டுப் போனாள். கம்பியைத் தொடவில்லை. அண்ணிக்கு விரல் மூட்டு வலி வந்தது. இதழ் வெட்டுவதை நிறுத்தி, குண்டு வைப்பதை மட்டும் வைத்துக்கொண்டாள். அண்ணன் அதற்குப் பிறகு சில வருஷங்கள் இருந்தார், மாரடைப்பில் போனார். நான் அந்த மாடியை அதற்கு முன்பே காலி செய்துவிட்டேன். அவர் செத்த செய்தி தாமதமாகத்தான் வந்தது. துக்கம் கேட்க நான் போகவில்லை.